காலமான பழைய மாணவர்களை எழுதி வைப்பது: யாழ்ப்பாணப் பாடசாலைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய மாணவர் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் எப்படித் தொடங்கும் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். மங்கல விளக்கு, கடவுள் வணக்கம், கல்லூரிக் கீதம். அப்புறம் அந்த வருடம் காலமானவர்களின் பெயர்களைச் செயலாளர் வாசிப்பார். எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் நிற்பார்கள். உட்கார்ந்ததும் கடந்த கூட்ட அறிக்கை. ஒரு மனிதருக்கு அவர் படித்த பாடசாலை கொடுக்கும் இடம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

வீட்டார் அப்படி விடுவதில்லை. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்குப் போகிறவர்கள் கையில் ஒரு கல்வெட்டுப் புத்தகத்துடன்தான் திரும்புவார்கள். படம், பஞ்சபுராணம், வம்சாவளி, உத்தியோக விபரம், திதி வெண்பா எல்லாம் அதில் இருக்கும். பாடசாலைக் காலம் மட்டும் ஒரே வரியில் ஓடிவிடும்: "ஆரம்பக் கல்வியை ஊர்ப் பாடசாலையிலும் உயர்கல்வியை யாழ் நகரிலும் கற்றுத் தேறினார்." பதினொரு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை அவர் எப்படிப்பட்ட பெடியனாக இருந்தார் என்பது மனைவிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. பக்கத்து வாங்கில் இருந்தவருக்குத்தான் தெரியும். அவருக்கும் இப்போது எழுபது தாண்டியிருக்கும்.

ஆகவே இந்த வேலையில் ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டார் எழுதியதையே நீங்களும் திரும்ப எழுதத் தேவையில்லை. பாடசாலைக்கும் சகபாடிகளுக்கும் மட்டும் தெரிந்த அந்த எட்டு வருடத்தை எழுதுங்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: எல்லை போடுங்கள்

நம் பாடசாலைகள் பல மிகப் பழையவை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் கதை 1816இல் தொடங்குகிறது. பரி. யோவான் கல்லூரி 1823, உடுவில் மகளிர் கல்லூரி 1824, சம்பத்திரிசியார் 1850, இந்துக் கல்லூரி 1890. இவ்வளவு நீண்ட காலத்தை மொத்தமாக எழுதப்போகிறோம் என்று புறப்படும் குழுக்கள் அட்டைப்படம் தெரிவு செய்வதோடு ஓய்ந்துவிடும். ஓர் அணியை, அதாவது ஒரே வருடத்து வகுப்பில் சேர்ந்து படித்தவர்களை, எடுங்கள். அதிகம் போனால் அடுத்தடுத்த இரண்டு மூன்று அணிகள். சகபாடிகளில் பாதிப்பேராவது இன்னும் உயிரோடு இருக்கும் அணிகளில் வயது கூடியது எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள். முப்பது வயதுக்காரரின் அணி காத்திருக்கும். எழுபது வயதுக்காரரின் அணி காத்திருக்காது.

அடுத்து, யார் "எங்கள் மாணவர்" என்ற கேள்வி வரும். இதில் தாராளமாக இருங்கள். ஒரு வருடம் படித்திருந்தாலும் அவர் உங்கள் மாணவர்தான். இதற்கு யாழ்ப்பாணத்தில் தனிக் காரணம் இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் சேர்ந்தே இடம்பெயர்ந்தன. தீவுப்பகுதியிலிருந்தும் பிள்ளைகள் வந்து குடாநாட்டுப் பாடசாலைகளில் சேர்ந்தார்கள். 1995 ஒக்டோபர் 30 பெரிய இடப்பெயர்வோடு வலிகாமமே காலியாகி, தென்மராட்சியிலும் வன்னியிலும் மரத்தடியிலும் கொட்டிலிலும் வகுப்புகள் நடந்தன. அந்தக் காலத்துப் பிள்ளை நான்கு பாடசாலைகளில் படித்திருக்கும்; நான்குமே "அவர் எங்கட ஆள் இல்லை" என்று சொல்லிவிடக்கூடும். நீங்கள் அதைச் சொல்லாதீர்கள்.

சாதாரண தரத்தோடு நின்று கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போனவர், வகுப்பேற்றம் கிடைக்காமல் விலகியவர், தகப்பன் செத்தபின் தோட்டத்துக்குப் போனவர், இவர்களையும் சேருங்கள். நம் மலர்களில் டொக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்ற வரிசையில்தான் மனிதர்கள் நிற்பார்கள். அந்த வரிசையை உடைக்க இலகுவான வழி, அகர வரிசை. எல்லோருக்கும் ஒரே அளவு இடம். சொல் எண்ணிக்கையையும் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். நானூறு முதல் அறுநூறு சொல் போதும்.

படி 2: ஆட்களைச் சேருங்கள்

மூன்று பேர் போதும். ஊரில் நிற்பவர் ஒருவர். வீடுகளுக்குப் போய்வரவும் பாடசாலை அலுவலகத்தில் பேசவும் அவர்தான் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் ஒருவர். தமிழில் திருத்தமாக எழுதக்கூடியவர் ஒருவர். பன்னிரண்டு பேர் கொண்ட மலர்க்குழு போட்டால் பன்னிரண்டு வாழ்த்துச்செய்திகள்தான் முதலில் வரும்.

படி 3: பெயர்ப் பட்டியல்

இதுதான் நாள் எடுக்கும் படி. அவசரப்படாதீர்கள்.

முதலில் பாடசாலைக்குப் போங்கள். சேர்வுப் பதிவேடு, வரவு இடாப்பு, அதிபரின் லொக் புத்தகம், பரிசளிப்பு விழா அறிக்கைகள், கல்லூரி மலர்கள். எல்லாப் பாடசாலையிலும் எல்லாம் இருக்காது. ஷெல்லிலும் இடப்பெயர்விலும் கறையானிலும் போனவை ஏராளம். இருப்பதைப் பார்க்க அதிபரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். சேர்வுப் பதிவேட்டில் சமயம், பாதுகாவலர் பெயர், தொழில், முகவரி எல்லாம் இருக்கும். பக்கத்தை அப்படியே படம்பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுவது சரியில்லை. உங்களுக்கு வேண்டிய பெயரையும் சேர்வு எண்ணையும் சேர்ந்த, விலகிய திகதிகளையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாடசாலையில் கிடைக்காததை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் தேடுங்கள். 2005இல் தொடங்கிய இந்தத் தளத்தில் பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள், பழைய பத்திரிகைகள் என்று ஏராளமானவை இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரி மலரில் கட்டுரைகளை விட்டுவிட்டு நேரே பின்பக்கங்களுக்குப் போங்கள். இல்ல விளையாட்டுப் போட்டி முடிவுகள், மாணவ முதல்வர் பட்டியல், சாரணர் அறிக்கை, தமிழ் மன்றச் செயலாளர் அறிக்கை. நீளம் பாய்தலில் மூன்றாமிடம் வந்தவரின் பெயர் வேறெங்கும் இருக்காது.

மூன்றாவது ஊற்று மரண அறிவித்தல். பத்திரிகையில் வந்தாலும் இணையத்தில் வந்தாலும் இதன் வாய்பாடு மாறுவதே இல்லை; அதுவே நமக்கு வசதி. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். "யாழ். அளவெட்டியைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தை, கனடா ஸ்காபுரோ ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும்: இடப்பெயர்வின் வரைபடம் ஒரே வரியில் வந்துவிட்டது. "காலஞ்சென்றவர்களான ... தம்பதிகளின் அன்பு மகனும்": தகப்பன் பெயர் கிடைத்தது, சேர்வுப் பதிவேட்டோடு ஒப்பிடலாம். "... தம்பதிகளின் அன்பு மருமகனும்": மனைவியின் ஊரைத் தேட வழி. "பாசமிகு சகோதரரும்" என்ற இடத்தில் வரும் பெயர்களில் ஒருவர் இரண்டு வகுப்பு மேலேயோ கீழேயோ உங்கள் பாடசாலையிலேயே படித்திருப்பார். நீங்கள் முதலில் பேச வேண்டிய ஆள் அவர்தான். கடைசியில் "தகவல்: குடும்பத்தினர்" என்று தொலைபேசி இலக்கமும் இருக்கும். பெறாமகன், சகலன் வரை விடாமல் எழுதுகிற நம் வழக்கத்தைச் சிலர் கிண்டல் செய்வதுண்டு. ஆவணம் தேடுகிறவர் அதைக் கும்பிடுவார்.

பெயர்களில் வரும் சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்து தகப்பனுடையது. பழைய பதிவேடுகள் ஆங்கிலத்தில் இருந்தால் "கே. இராசரத்தினம்" என்றுதான் நிற்கும். அந்தக் கே கந்தையாவும் ஆகலாம், காசிப்பிள்ளையும் ஆகலாம், குமாரசாமியும் ஆகலாம். எஸ் வந்தால் இன்னும் மோசம். ஆகவே பட்டியலில் முன்னெழுத்தோடு நிறுத்தாமல் தகப்பனின் முழுப்பெயருக்கு ஒரு நிரல் வையுங்கள். ஊருக்கு ஒரு நிரல். பட்டப்பெயருக்கு ஒரு நிரல் கட்டாயம் வேண்டும். "இராசரத்தினத்தைத் தெரியுமா" என்று கேட்டால் முழிக்கிறவர் பட்டப்பெயரைச் சொன்னதும் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். அச்சில் அதைப் போடுவதா என்பது பிறகு வீட்டாரோடு பேசித் தீர்க்க வேண்டியது.

வேம்படி, சுண்டுக்குளி, உடுவில், இராமநாதன் போன்ற மகளிர் பாடசாலைகளுக்கு இது இரட்டை வேலை. படித்த காலத்தில் தகப்பன் பெயர், மரண அறிவித்தலில் கணவன் பெயர். "இன்னாரின் மனைவி" என்று தேடினால் பாடசாலைப் பதிவில் ஒன்றும் அகப்படாது. பட்டியலில் கன்னிப்பெயரை முதலிலும் மணமான பெயரை அடுத்த நிரலிலும் எழுதுங்கள். அச்சிடும்போதும் அதே வரிசை. அவர் பாடசாலைக்கு வந்தது அந்தப் பெயரோடுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மிசன் பாடசாலைகளைப் பற்றி எழுதத் துணிகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் 1855 வரை நடந்தது. அங்கே படித்தவர்கள் பலருக்கு மிசனுக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்று இரண்டு பெயரும் சேர்ந்து நிற்பது அதனால்தான். அந்த ஆர்னோல்ட் 1886இல் பாவலர் சரித்திர தீபகம் என்று நானூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்தார். இந்த வேலைக்கு நம் ஊரில் முன்னோடி இல்லாமல் இல்லை.

படி 4: இறப்பை உறுதி செய்யுங்கள்

வட்ஸ்அப்பில் ஒருவர் "ஆழ்ந்த இரங்கல்" போட்டால் கூடவே நாற்பது பேர் போடுவார்கள். அது ஒரு சான்று ஆகாது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் அணியில் உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி போய்ச் சேர்ந்த கதைகள் உண்டு. மரண அறிவித்தல், கல்வெட்டு, நெருங்கிய உறவினரின் வாய்ச்சொல், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயப் பதிவேடும் சேமக்காலையில் உள்ள கல்லறை எழுத்தும் உதவும்.

கல்வெட்டில் உள்ள திதி வெண்பாவை நம்பி ஆங்கிலத் திகதி போடுகிறபோது கவனம். அதில் தமிழ் வருடம், மாதம், பட்சம், திதி இருக்கும். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். "குரோதி" என்றால் 1964 சித்திரை தொடங்கி ஒரு வருடமாகவும் இருக்கலாம், 2024 சித்திரை தொடங்கியதாகவும் இருக்கலாம். ஆளின் வயதை வைத்துத் தீர்த்துவிடலாம். பிறகு அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திகதியை எடுங்கள்.

இனி, இந்த வேலையில் கடினமான இடம். 1980களிலும் 90களிலும் படித்த எந்த அணியை எடுத்தாலும் காணாமல் போனவர்கள் இருப்பார்கள். சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்டவர், சோதனைச்சாவடியில் இறக்கப்பட்டவர், 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு தகவலே இல்லாதவர். இவர்களைக் காலமானவர்களின் பட்டியலில் சேர்க்க உங்களுக்கு உரிமை இல்லை. 2010ஆம் ஆண்டுத் தற்காலிகச் சட்டம் ஒன்று காணாமல் போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழி செய்தது. இறந்துவிட்டார் என்று சொல்லாமல் ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு 2016இல் இடம் வந்தது. அலுவலகத் தேவைக்காக ஒரு தாய் இதில் எதையாவது வாங்கியிருக்கலாம். அதற்காக மகன் செத்துவிட்டான் என்று அவர் ஒத்துக்கொண்டதாக ஆகாது. மகன் வருவான் என்று தெருவில் படத்தோடு இருக்கிற தாய்க்கு, அந்த மகனின் பெயருக்கு முன்னால் "அமரர்" போட்ட புத்தகத்தை எப்படிக் கொடுப்பீர்கள்?

இவர்களுக்குத் தனிப் பகுதி வையுங்கள். தலைப்பு "வகுப்பில் எங்களோடு இருந்தவர்கள்" என்பதுபோல் இருக்கட்டும். இறப்புத் திகதி இல்லை. கடைசியாகக் கண்ட இடமும் நாளும் வீட்டார் சம்மதித்தால் மட்டும். பாடசாலைக் காலத்தை மற்றவர்களுக்கு எழுதுவது போலவே முழுதாக எழுதுங்கள். குடும்பம் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஆயுத இயக்கங்களுக்குப் போய் இறந்தவர்களைப் பற்றியும் கேள்வி வரும். எந்த இயக்கம், எந்தப் பெயர் என்பதை எழுதுவதா விடுவதா என்பதை ஊரில் இருக்கிற குடும்பம்தான் சொல்ல வேண்டும். புத்தகம் வந்தபின் அதன் விளைவோடு வாழப்போவது அவர்கள். வெளிநாட்டிலிருந்து "பயப்படாமல் போடுங்கோ" என்று சொல்வது லேசு. தற்கொலை, நோய், விபத்து எதுவானாலும் இறந்த விதத்தை எழுதியே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. நீங்கள் எழுத வந்தது வேறு காலத்தை.

படி 5: வீட்டாரிடம் போவது

அந்தியேட்டி முடியும்வரை போகாதீர்கள். செத்தவீட்டில் நின்று தகவல் கேட்பது மரியாதையில்லை. முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு, ஆனால் ஆண்டுத் திவசத்துக்கு முன்பு போவது நல்லது. கல்வெட்டு அச்சாகி வந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் போய்விட்டிருந்தாலும் எதை எங்கே வைத்தார்கள் என்பது மற்றவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். பழைய இறப்பு என்றால் இந்தக் கணக்குத் தேவையில்லை, ஆனால் திவசத்தை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள்.

யார் போவது? படிக்கிற காலத்தில் அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்த ஒருவர் கட்டாயம் போக வேண்டும். சங்கத் தலைவர் போனால் வீட்டார் கதிரை துடைத்துப் போட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் "ஓமோம்" என்று மட்டும் சொல்வார்கள். வெறுங்கையோடும் போகாதீர்கள். உங்களிடம் உள்ள குறூப் போட்டோவைப் பெரிதாக்கி அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்பாவைப் பதினேழு வயதில் காணாத மகளிடம் அந்தப் படத்தை நீட்டிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். பிறகு அவரே பேசுவார்.

படங்களை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். "ஸ்கான் பண்ணிவிட்டுத் தாறன்" என்று கொண்டுபோன படங்கள் திரும்பி வந்ததில்லை என்று பல வீடுகளில் சொல்வார்கள். அங்கேயே வைத்து எடுங்கள். மடிக்கணினியும் சிறிய ஸ்கானரும் இருந்தால் 600 டிபிஐயில் எடுங்கள். கைத்தொலைபேசிதான் என்றால், விறாந்தையில் வெயில் நேரே படாத வெளிச்சத்தில் படத்தை வெள்ளைத் தாளில் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து எடுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய ஆண்டும் அங்கேதான் இருக்கும். அல்பத்தில் ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம்.

பல வீடுகளில் ஒரு படமும் இருக்காது. 1995இல் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன பெட்டிக்குள் உறுதியும் நகையும் சான்றிதழும் இருந்திருக்கும். அல்பத்துக்கு இடம் இருந்திருக்காது. அப்படியானவருக்கு மற்றச் சகபாடிகளின் குறூப் போட்டோக்களில் தேடுங்கள். ஒருவர் வீட்டில் எரிந்த படம் இன்னொருவர் வீட்டில், மெல்பேர்னிலோ ஒஸ்லோவிலோ, இருக்கும்.

படி 6: பக்கத்து வாங்கில் இருந்தவர்கள்

"அவரைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் "தங்கமான மனிசன்" என்று பதில் வரும். அதோடு முடிந்தது. கேள்வி சின்னதாக, பொருளாக இருக்க வேண்டும். எந்த வழியால் பாடசாலைக்கு வருவார், சைக்கிளா, பஸ்ஸா, காங்கேசன்துறைப் பாதையில் சீசன் டிக்கெட்டா, ஹொஸ்டலா? எந்த வாங்கில் இருந்தார், பக்கத்தில் யார்? எந்த வாத்தியாருக்குப் பயம்? இடைவேளைக்கு என்ன சாப்பிட்டார், யாரோடு? எதற்கு அடி வாங்கினார்? வடக்கின் பெருஞ்சமர் என்கிற மத்திய கல்லூரி, பரி. யோவான் கிரிக்கெட் போட்டி நாளில் எந்தப் பக்கத்துக் கொட்டிலில் நின்றார்? எந்தப் பாடம் வரவே வராது? கடைசியாக அவரோடு எங்கே கதைத்தீர்கள்?

தனியே கேட்பதைவிட இரண்டு மூன்று பேரை ஒன்றாக இருத்திக் கேட்பது நல்லது. ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பார். அந்த மறுப்பில்தான் விபரம் வெளிவரும். நான்கு பேருக்கு மேல் வேண்டாம், பகிடியாகவே முடிந்துவிடும்.

வருடங்கள் யாருக்கும் ஞாபகம் இராது. "எத்தனையாம் ஆண்டு" என்று கேட்காமல், தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு முன்னமா பின்னமா என்று கேளுங்கள். 1974 ஜனவரியில் நடந்த அந்த மாநாட்டை அந்த வயதுக்காரர் மறக்கமாட்டார். லைப்ரரி எரிந்தது 1981, இந்தியன் ஆமியோடு சண்டை தொடங்கியது 1987 ஒக்டோபர், ஏ9 பாதை திறந்தது 2002, மறுபடி பூட்டியது 2006. எங்கள் சனத்துக்கு நாட்காட்டி இப்படித்தான். 90களில் படித்தவரிடம் எந்த விளக்கில் படித்தார் என்று கேளுங்கள். ஜாம் போத்தலில் திரியை விட்டுச் சிக்கனமாக மண்ணெண்ணெய் எரித்த கதை வரும். அதோடு யார் வீட்டில் கூடிப் படித்தார்கள், யார் நித்திரை தூங்கினார்கள் என்பதும் வரும்.

வெளிநாட்டில் உள்ளவர்களைச் சேர்த்து சூமில் கதைப்பதானால் நேரத்தை யோசித்து வையுங்கள். கோடை காலத்தில் யாழ்ப்பாணத்தில் மாலை 6.30 என்றால் ரொறன்ரோவில் காலை 9, லண்டனில் பகல் 2. சிட்னியில் இரவு 11 ஆகிவிடும். அவர்களோடு வேறு ஒரு நாள் பேசுவது நல்லது. ஒலிப்பதிவு செய்யப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள். பதிவின் தொடக்கத்தில் யார், எந்த அணி, என்ன திகதி என்று வாயால் சொல்லிவிடுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்பவருக்குக் குரல் யாருடையதென்று தெரியாது.

படி 7: எழுதுவது

நம் நினைவு மலர்களின் நடை எல்லோருக்கும் கைவந்தது. அதுதான் ஆபத்து. "பண்பின் உறைவிடமாக, பழகுவதற்கு இனியவராக, பரோபகாரியாகத் திகழ்ந்தார்." இந்த வாக்கியத்தில் பெயரை மாற்றி அணியில் உள்ள எவருக்கும் போடலாம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் இப்படிச் சோதியுங்கள்: வேறொருவருக்கும் பொருந்துகிற வரி என்றால் வெட்டுங்கள்.

அதற்குப் பதிலாக என்ன எழுதுவது? உதாரணத்துக்குக் கற்பனையாக ஒன்று: "சுழிபுரத்திலிருந்து தகப்பனின் பெரிய சைக்கிளில் வருவார். கால் எட்டாது, பாருக்குக் கீழால் காலை விட்டு மிதிப்பார். மழைக்காலத்தில் புத்தகத்தை யூரியா பாக்கில் சுற்றிக் கொண்டுவருவார். இரசாயன ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய் உடைந்தால் யார் உடைத்தாலும் இவர் பெயர்தான் சொல்லப்படும்; மறுத்ததில்லை. உயர்தரம் இரண்டாம் முறையும் சரிவரவில்லை. பிறகு சங்கானைச் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்தார். அணியில் யாருடைய வீட்டில் கலியாணம் என்றாலும் மரக்கறி அவர் கடையிலிருந்துதான் போகும், காசு பிறகு." இதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. ஆளைத் தெரியாதவருக்கும் ஆள் தெரிகிறது.

சில நுணுக்கங்கள். கட்டுரையில் "அவர்" என்றே எழுதுங்கள். சகபாடி பேசுவதை மேற்கோளில் போடும்போது அவர் சொன்ன "அவன்" அப்படியே இருக்கட்டும். அறுபது வருட நட்பு அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. சைவருக்குச் சிவபதம், கிறிஸ்தவருக்குக் கர்த்தருக்குள் நித்திரை என்று வீட்டார் பாவிக்கும் சொல்லையே பாவியுங்கள். எதிலும் நம்பிக்கையில்லாதவர் என்றால் "இறந்தார்" போதும். சாதியை எழுத வேண்டாம், சாதியைக் காட்டிக்கொடுக்கும் குறிப்பையும் எழுத வேண்டாம். பாடசாலையில் அதனால் ஒருவர் ஒதுக்கப்பட்டார் என்று வீட்டாரே சொல்லி, எழுதவும் கேட்டால் மட்டும் எழுதுங்கள். அப்போது மழுப்பாமல் எழுதுங்கள்.

எழுதியதை அச்சுக்கு முன் வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். அனுப்பிவிட்டு "பார்த்துச் சொல்லுங்கோ" என்று விடுவதைவிட வாசிப்பது நல்லது. எதை எடுக்கச் சொன்னாலும் எடுங்கள். சேர்க்கச் சொல்வதில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கலாம். மருமகனின் பதவிக்கு இதில் இடமில்லை என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

படி 8: அழியாமல் வைப்பது

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது கிட்டத்தட்ட 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அதில் சேர்த்தி. ஆகவே ஒரே இடத்தில் வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. குறைந்தது பாடசாலை நூலகம், யாழ் பல்கலைக்கழக நூலகம், பொது நூலகம், கொழும்பில் ஓர் இடம், வெளிநாட்டில் ஓர் இடம். மின்பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ஆட்கள் தேடுவது அங்கேதான். புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். வேண்டுமானால் தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பிக்கலாம்.

தட்டச்சு விஷயத்தில் ஒன்று. அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள். பாமினியில் அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். பெயரைத் தேடினால் வராது. முழுவதையும் யூனிகோட்டில் அடித்து, அச்சகத்துக்கு வேண்டுமென்றால் அவர்கள் மாற்றிக்கொள்ளட்டும். பழைய மலர்களின் பாமினிக் கோப்புகள் கிடைத்தால் மாற்றியைக் கொண்டு மாற்றி, பெயர்களை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். ஒலிப்பதிவுகளையும் ஸ்கான் படங்களையும் இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது சேர்வு எண்ணை முன்னால் போட்டால் பிறகு தேட இலகு.

பணம்? அச்சுச் செலவை அணி பகிர்ந்துகொள்ளட்டும். ஒருவரே முழுச் செலவையும் ஏற்றால் முதல் பக்கத்தில் அவர் படம் வரும், சில நேரம் அவருடைய தகப்பனுக்கு ஆறு பக்கமும் வரும்.

படி 9: வருடா வருடம்

புத்தகம் வந்தபின் பொதுக்கூட்டத்து வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றலாம். பெயர்ப் பட்டியலை வாசியுங்கள், நில்லுங்கள், எல்லாம் சரி. அதற்குப் பிறகு ஒருவரின் வாழ்க்கையை முழுதாக வாசியுங்கள். ஒருவர் மட்டும், ஐந்து நிமிடம். அவருடைய சகபாடி வாசித்தால் நல்லது. தொண்டை அடைத்தால் பக்கத்தில் இருப்பவர் வாங்கி வாசிக்கட்டும்.

பரிசளிப்பு விழாவில் ஞாபகார்த்தப் பரிசுகள் எத்தனையோ கொடுக்கிறோம். "அமரர் இன்னார் ஞாபகார்த்தப் பரிசு, தரம் 10 கணிதம்" என்று அறிவிப்பாளர் சொல்ல, பிள்ளை மேடைக்கு வந்து கையில் வாங்கிக்கொண்டு போகும். அந்த இன்னார் யார் என்று பிள்ளைக்குத் தெரியாது. பல இடங்களில் பரிசு கொடுக்கும் ஆசிரியருக்கும் தெரியாது. சான்றிதழின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதில் எண்பது சொல்லில் அவரைப் பற்றி அச்சிடுங்கள். இருக்கும் பரிசுகள் எல்லாவற்றுக்கும் ஒரே வருடத்தில் முடிக்க வேண்டியதில்லை. நிதி கொடுத்த குடும்பங்களின் முகவரி சங்கத்தின் பழைய கணக்குப் புத்தகத்தில் இருக்கும். அங்கிருந்து தொடங்கி வருடத்துக்கு ஐந்தாறு முடித்தால் போதும்.

பட்டியலைப் புதுப்பிக்கிற வேலையைச் சங்கத்தின் உதவிச் செயலாளர் பதவியோடு சேர்த்துவிடுங்கள். ஆள் மாறினாலும் வேலை மாறாது. கோப்பு ஒருவரின் தனிப்பட்ட மின்னஞ்சலில் இருக்கக்கூடாது; சங்கத்துக்கென ஒரு கணக்குத் திறந்து, கடவுச்சொல்லைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு தை மாதமும் கடந்த வருட மரண அறிவித்தல்களைப் பார்த்துப் பெயர் சேர்த்து, அடுத்து யாரைப் பற்றி எழுதுவது, யாரிடம் கேட்பது என்று அந்த மூன்று பேரும் இருந்து தீர்மானிக்கலாம். கேட்க வேண்டியவர்களின் பட்டியலை வயது கூடியவரிலிருந்து எழுதுங்கள்.